ஸ்வெட்டர் சார்

வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போது அவர் ஸ்வெட்டர் போட்டுக்கொள்வார். இரும்புக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, தோள்பையிலிருந்து அந்தப் பழுப்பு நிற ஸ்வெட்டரை எடுத்து இரண்டு முறை உதறி, கீழேயிருந்து மேலாக ஐந்து பொத்தானையும் போட்டு, காலரை இழுத்துவிட்டுக்கொள்வார். நெற்றியில் வியர்வை வழிந்துகொண்டிருக்கும். முதல் முறை பார்க்கிற காவலாளிக்கு, மனுஷனுக்கு எங்கேயோ மறை கழன்றிருக்கிறது என்று தோன்றும். கதவு திறந்து உள்ளிருந்து குளிர் முகத்தில் அடித்ததும் அதே காவலாளி கைகளைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்பார். தரவு மையங்களின் வாசல்களில் இவருக்கு ஸ்வெட்டர் சார் என்றுதான் பெயர். அரசு கொடுத்த பதவிப் பெயர் இதைவிட நீளமானது. அதை இவரே முழுதாகச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

எரிசக்திச் சிக்கனத் துறையில் ஆய்வாளர். வயது ஐம்பத்து நான்கு. கணிப்பொறிகள் பீரோ பீரோவாக வரிசை கட்டி நிற்கும் கூடங்களுக்குப் போவதும், அங்கே மின்சாரம் எங்கே வீணாகிறது என்று பார்ப்பதும்தான் வேலை. நாம் அனுப்புகிற புகைப்படமும், நம் வீட்டுப் பத்திரமும், பிறப்புச் சான்றிதழும் அந்த பீரோக்களுக்குள்தான் குடியிருக்கின்றன. அந்தக் கணிப்பொறிகள் தின்கிற மின்சாரம் ஒரு பங்கு என்றால், அவற்றைக் குளிர்விக்க மட்டும் ஏறக்குறைய இன்னொரு பங்கு போகிறது. இந்த இரண்டாவது பங்கைக் குறைத்தே தீர வேண்டும் என்று அரசு ஒரு தனிப்பிரிவு தொடங்கியது. பிரிவில் மூன்று பேர். ஒருவர் நீண்ட விடுப்பில் இருக்கிறார். இன்னொருவர் கடிதங்களைத் தட்டச்சு செய்கிறார். மிச்சம் இவர்.

துறை நல்ல கருவிகளாகத்தான் கொடுத்திருக்கிறது. ஆனால் இவர் முதலில் எடுப்பது ஒரு பழைய பேனா. அதன் முனையில் ஒரு விரல் நீளத்துக்கு மெல்லிய காகித நாடா ஒட்டியிருக்கும். பீரோக்களுக்கு நடுவே நடந்தபடி, ஒவ்வொரு இடுக்கிலும் பேனாவை நீட்டுவார். நாடா சும்மா தொங்கினால் சரி. படபடவென்று ஆடினால், கணிப்பொறிக்குப் போக வேண்டிய குளிர்காற்று அந்த ஓட்டை வழியாக வெட்டியாக ஓடுகிறது என்று அர்த்தம். "இங்க பாருங்க, எப்படி ஆடுது பாருங்க. நீங்க ராப்பகலா குளிர வெக்கறது இந்தச் சுவத்தத்தான்" என்பார். குரலில் கோபம் இருக்காது. கோபப்படுகிற வயதில் எல்லா இடத்திலும் கோபப்பட்டுத் தீர்த்துவிட்டார்.

எவ்வளவு குளிர வேண்டும் என்பதில்தான் உலகத்தோடு இவருக்குத் தகராறு. இருபத்தாறு டிகிரியில் இந்தக் கணிப்பொறிகள் சுகமாக ஓடும். செய்தவர்களே அப்படித்தான் எழுதிக் கொடுக்கிறார்கள். ஆனால் எந்தக் கூடத்துக்குப் போனாலும் பதினெட்டு. கேட்டால், சூட்டில் மெஷின் படுத்துவிடும் என்பார்கள். "மெஷினுக்கு சளி பிடிக்காதுங்க. அதுக்கு வேர்க்கவும் செய்யாது. நமக்குத்தான் ரெண்டும்" என்று இவர் சொல்லிப் பார்ப்பார். தலையாட்டுவார்கள். இவர் எதிரிலேயே கூட்டி வைப்பார்கள். இவர் போய் பஸ் நிறுத்தத்தில் நிற்பதற்குள் மறுபடி பதினெட்டுக்கு வந்துவிடும்.

இதைவிடக் கொடுமை வரவேற்பு. திடீரென்று போய் நிற்க இவருக்கு அனுமதி இல்லை. மூன்று நாள் முன்னதாகக் கடிதம் போட்டுத்தான் போக வேண்டும் என்பது விதி. சொல்லாமல் போக அனுமதி கேட்டு நான்கு முறை எழுதினார். நான்கு முறையும் பாதுகாப்புக் காரணம் என்று கோப்பு திரும்பி வந்தது. ஆகவே எல்லோருக்கும் தெரிந்துவிடும், மேலிடத்திலிருந்து பெரியவர் வருகிறார் என்று. தரையைத் துடைப்பார்கள், வயர்களைக் கட்டி ஒழுங்கு பண்ணுவார்கள், இவர் சிரமப்படக் கூடாதே என்று குளிரை இன்னும் இரண்டு டிகிரி இறக்குவார்கள். "சார் வர்றீங்கன்னு காலையிலேருந்தே நல்லா ஜில்லுன்னு வெச்சிருக்கோம்" என்று ஒரு மேலாளர் பல்லெல்லாம் தெரியச் சொன்னாராம். இவரைப் பற்றி எழுதுவதற்காகக் கூடவே சுற்றிக்கொண்டிருந்த நான், இவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "என்னத்தச் சொல்ல. நன்றின்னேன்" என்றார்.

இவருடைய அலுவலகமும் லேசுப்பட்டதில்லை. எரிசக்திச் சிக்கனத் துறையின் மூன்றாவது மாடியில் பதினாறு டிகிரி. ரிமோட் இயக்குநரின் மேசை இழுப்பறைக்குள் இருக்கிறது, இழுப்பறையின் சாவி இயக்குநரின் பையில் இருக்கிறது. பதினொரு வருடக் குளிர் இவர் எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. முழங்கால் இரண்டும் மாடிப்படி ஏறும்போது மடக்கு நாற்காலி மாதிரிச் சத்தம் போடும். இவர் மனைவி ஒரு துணிக்கடையில் தையல் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவர். ஸ்வெட்டரின் முழங்கைகளுக்கு இரண்டு முறை ஒட்டுப் போட்டவரும் அவர்தான். "ஊரு பூரா சூடா இருங்கன்னு சொல்லிட்டுத் திரியறாரு. வீட்டுக்கு வந்தா ஃபேன நிறுத்து, போர்வையக் கொண்டாங்கறாரு. இவர வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது, நீங்களே சொல்லுங்க" என்று என்னிடம் முறையிட்டார். எனக்கு அந்த வீட்டில் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது.

போன வருடம் அரசு ஒரு சட்டம் கொண்டுவர யோசித்தது. எல்லாத் தரவு மையங்களிலும் இருபத்தாறு டிகிரிக்குக் கீழே போகக் கூடாது என்று. கூடங்களை நடத்துகிறவர்கள் கொதித்துப் போனார்கள், நடக்கிற காரியமா இது என்றார்கள். அரசு ஒரு குழு போட்டது. குழு ஒரு நிபந்தனை போட்டது. எங்கேயாவது ஒரே ஒரு கூடத்தில் முப்பது நாள், இடையில் ஒரு தடவைகூடக் குறைக்காமல், இருபத்தாறில் ஓட்டிக் காட்டுங்கள். காட்டினால் சட்டம் வரும். காட்டாவிட்டால் யோசனையைக் கைவிட்டு இவர் பிரிவையும் கலைத்துவிட்டு, இவரைத் தெருவிளக்குப் பிரிவுக்கு அனுப்பிவிடலாம். இவர் பதினான்கு கூடங்களில் முயன்றார். அதிகபட்சம் ஆறு நாள் தாங்கியது. பதினைந்தாவதாக ஒத்துக்கொண்டது, நிலப் பத்திரங்களைப் பாதுகாக்கிற ஒரு சின்ன அரசுக் கூடம். குழு கொடுத்த கெடு முடிய அப்போது சரியாக முப்பது நாள் இருந்தது.

அந்தக் கூடத்தின் குளிர்சாதனங்களைப் பார்த்துக்கொள்கிறவர் ஒரு ஏசி மெக்கானிக். ஒல்லியான ஆள், இவரைவிட நாலைந்து வயது மூத்தவர், சூட்டைக் கண்டாலே நடுங்குகிறவர். முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு குளிர்சாதனம் நின்றுபோய், பழி அந்த மெக்கானிக் தலையில் விழுந்து, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். அவரை உட்கார வைத்து இரண்டு மணி நேரம் பேசினார் ஸ்வெட்டர் சார். பேனாவில் நாடா ஒட்டிக் கொடுத்தார். ஓட்டைகளை அட்டை வைத்து அடைக்கக் காட்டிக் கொடுத்தார். "யாரு வந்து சொன்னாலும் தொடாதீங்க அண்ணே. மேலாளர் கத்தினாலும் தொடாதீங்க. வெளிய அனல் அடிச்சாலும் தொடாதீங்க" என்றார். மெக்கானிக் கடைசியில், "நீங்க சொல்றீங்கன்னு செய்யறேன் சார். வேற யாரு சொன்னாலும் செய்ய மாட்டேன்" என்றார்.

அன்றிலிருந்து தினமும் மாலை ஐந்து மணிக்கு இவர் கைபேசி அடிக்கும். "சார், இருபத்தாறு." அவ்வளவுதான், மெக்கானிக் வைத்துவிடுவார். ஒன்பதாம் நாள் மட்டும் ஒரு வாக்கியம் கூடியது. "சார், ஜாக்கெட்ட வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன். இனிமே இங்க எதுக்கு அது?" கூடத்துக் கதவுக்குப் பின்னால் ஆணியில் வருடக்கணக்காகத் தொங்கிய நீல ஜாக்கெட் அது. இவர் அந்தச் செய்தியை வீட்டில் இரண்டு தடவை சொன்னார். இரண்டாம் தடவை சொன்னபோது மனைவி ரசத்துக்குத் தாளிப்பதுபோலக் கரண்டியை ஆட்டி, "கேட்டாச்சுங்க, கேட்டாச்சு" என்றார். பன்னிரண்டாம் நாள் மேலாளர் வந்து கத்தினார். மெக்கானிக் சுவிட்சுப் பலகைக்குக் குறுக்கே நின்றுகொண்டார். பதினேழாம் நாள் ஒரு பீரோவில் சிவப்பு விளக்கு எரிந்தது. நாடாவைப் பிடித்துப் பார்த்து, ஓட்டையைக் கண்டுபிடித்து, அட்டையை வைத்து அடைத்தார். விளக்கு அணைந்தது. அன்று மாலை ஐந்து மணி அழைப்பில் அவர் அழுதார் என்று நினைக்கிறேன். ஸ்வெட்டர் சார் அதைப் பற்றிப் பேச மறுக்கிறார்.

முப்பதாம் நாள் காலை, விதிப்படி மூன்று நாள் முன்னதாகக் கடிதம் போட்டுவிட்டு, அறிக்கையை முடிக்க நேரில் போனார். நானும் கூடப் போயிருந்தேன். கதவுக்கு வெளியே பழக்க தோஷத்தில் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டார். போட்ட பிறகு, "இன்னிக்கு இது எதுக்கு" என்று தனக்குத்தானே சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கதவு திறந்தது. குளிர் முகத்தில் அடித்தது.

மெக்கானிக் உள்ளே நின்றுகொண்டிருந்தார், இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டையில், தலையை எண்ணெய் வைத்து வாரி. "வாங்க சார், வாங்க. இருபத்தொம்பது நாளும் இம்மிகூடக் கொறைக்கல. யாரு வந்தும் தொட விடல. இன்னிக்குத்தான், நீங்க வர்றீங்களேன்னு, ஆறு மணிக்கே பதினெட்டுக்குக் கொண்டாந்துட்டேன். வெயில்ல வர்ற மனுஷன், உள்ள வந்தா ஜில்லுன்னு இருக்கணும்ல?"

ஸ்வெட்டர் சார் போய்ப் பதிவுக் கருவியைப் பார்த்தார். கால் மணிக்கு ஒரு தரம் தானாகவே எழுதிக்கொள்கிற கருவி. இருபத்தாறு, இருபத்தாறு, இருபத்தாறு என்று இறங்கி வந்த எண்கள் அன்று காலை ஆறு மணிக்குப் பிறகு சரிந்திருந்தன. மேலாளர் சொன்னாலும் தொடாதே, வெயில் அடித்தாலும் தொடாதே என்று எல்லாம் சொன்னவர், எனக்காகவும் தொடாதே என்று மட்டும் சொல்லியிருக்கவில்லை. இந்த மனிதரிடம் அதைச் சொல்ல வேண்டியிருக்காது என்று நினைத்துவிட்டார்.

இயக்குநரை அழைத்து விஷயத்தைச் சொன்னார். இயக்குநர் சத்தமாகப் பேசுகிறவர், எனக்கும் கேட்டது. "ஒரு காலை நேரம்தானேய்யா. கருவி வேலை செய்யலன்னு ஒரு வரி எழுதிட்டு முப்பதுன்னு போடுங்க. யாரு வந்து பாக்கப் போறா?"

"பதினொரு வருஷமா மத்தவங்க போட்ட நம்பரச் சந்தேகப்படறதுதான் சார் என் வேலை" என்றார் இவர். "இனிமே என் நம்பரையும் நானே சந்தேகப்படணுமா?"

இயக்குநர் இந்தத் தடவை குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னார். "சரி சார். தெருவிளக்குன்னா தெருவிளக்கு" என்று வைத்துவிட்டார்.

மெக்கானிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்துகொண்டிருந்தது. "சார், நான் ஏதாச்சும் தப்பு பண்ணிட்டேனா?"

"இல்ல அண்ணே. வந்தவன நல்லா கவனிச்சிருக்கீங்க."

"வேணும்னா இன்னொரு முப்பது நாள் வெச்சுக் காட்டறேன் சார். சத்தியமா. நீங்களே வந்தாலும் தொட மாட்டேன்."

"கேக்கறதுக்கு ஆள் இருக்கணுமே அண்ணே" என்றார் இவர், ரொம்ப மெதுவாக.

பலகைக்குப் போய் மறுபடி இருபத்தாறுக்கு ஏற்றி வைத்தார். கூடம் சூடாக முக்கால் மணி நேரமாவது ஆகும். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, படிவத்தை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு எழுதினார். தொடர்ந்து ஓடிய நாட்கள்: இருபத்தொன்பது. நிபந்தனை நிறைவேறியதா என்ற இடத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. இல்லை என்பதற்கு எதிரே குறி போட்டு, கீழே கையெழுத்திட்டு, தேதி போட்டார்.

நிமிர்ந்தபோது மெக்கானிக் கதவுக்குப் பக்கத்தில், வெறும் ஆணிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். கைகளைக் கட்டி அக்குளில் செருகியிருந்தார். உதடு லேசாக நடுங்கியது. ஜாக்கெட் அவர் வீட்டில் இருந்தது.

ஸ்வெட்டர் சார் எழுந்தார். முழங்கால்கள் சத்தம் போட்டன. மேலேயிருந்து கீழாக ஐந்து பொத்தானையும் கழற்றி, ஸ்வெட்டரை இரண்டு முறை உதறி, அவர் தோளில் போட்டு, காலரை இழுத்துவிட்டார்.