வெயில் ஏறுவதற்குள்

ஒரு குளிர்காலம் ஓமானில் ஓர் அகழாய்வில் குழிகளைப் படம் வரையும் வேலைக்குப் போயிருந்தேன். வெயில் பட்டால் மண்ணிலிருந்து வெளிவந்த எலும்பு காய்ந்து விரிசல் விட்டுவிடும். அதனால் இருட்டிலேயே கிளம்பி, கிழக்கு வெளுக்கும்போது குழிக்குள் இருப்போம்.

அன்று ஒரு பெண்ணின் எலும்புக்கூடு முழுதாக வெளிப்பட்டிருந்தது. அதை அளந்து வரைந்துகொண்டிருந்தபோது திருப்பதி ஆஸ்பத்திரியிலிருந்து தங்கை போன் செய்தாள். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

"அண்ணா, நைனாவ ஆஸ்பத்திரியில சேத்துக்கீறோம். மூச்சு வாங்கிக்கினே கீறாரு. உன்னத்தான் கேக்குறாரு. போன காதுல வெக்கட்டுமா?"

குழியின் விளிம்பை வெயில் தொட்டுவிட்டது. மேலே நின்ற தலைமை ஆய்வாளர், சீக்கிரம் என்று கையசைத்தார்.

"அரை மணி நேரம்மா. முடிச்சுட்டு நானே கூப்புடுறேன்" என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

விரல் எலும்புகள்வரை ஒன்று விடாமல் வரைந்தேன். கோடு எங்கும் நடுங்கவில்லை. அதை இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை. வரைந்து முடித்து, மேலே ஏறி வந்து அவளைக் கூப்பிட்டேன்.

"இனிமே என்னா அவசரம்ண்ணா? மெதுவாவே வா" என்றாள். பின்னால் அம்மா அழுவது கேட்டது.

மூன்றாம் நாள்தான் எங்கள் ஊரான நகரிக்குப் போய்ச் சேர்ந்தேன். சித்தப்பா மகன் கொள்ளி வைத்திருந்தான்; பாலும் தெளித்து முடித்திருந்தார்கள். தங்கை என்னைத் திட்டவில்லை. "எதாச்சும் துன்னியா?" என்று கேட்டுத் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த குளிர்காலமும் ஓமானுக்கேதான் குழி வரையப் போனேன். எனக்கு வேறு வேலை தெரியாது.