தலைவி இறக்கத்தில் வருகிறாள்

நானும் மனைவியும் பொம்மைகளை வைத்துப் படம் எடுப்பவர்கள். பொம்மையை மயிரிழை நகர்த்தி ஒரு படம் பிடிப்போம். மறுபடி நகர்த்தி இன்னொன்று. ஒரு வாரம் உழைத்தால் பொம்மை ஒரு வாசலைத் தாண்டும். குன்னூரில் எங்கள் தொழிலைக் கேட்பவர்கள் மரியாதை தெரிந்தவர்கள். உடனே டீ சாப்பிடுகிறீர்களா என்று பேச்சை மாற்றிவிடுவார்கள்.

பொம்மை செய்வது அவள், நகர்த்துவது நான். பழைய பாட்டுகளிலிருந்தும் கதைகளிலிருந்தும் அரசன், புலவன், பூதம் என்று பலரை நடக்கவிட்டிருக்கிறோம். எங்கள் பூதத்தின் நடையில் இருத்தலின் சோர்வு தெரிவதாக ஓர் இலக்கியக் கூட்டத்தில் ஒருவர் பாராட்டினார். அது என் முட்டிவலி என்று நான் சொல்லவில்லை.

இந்த முறை காதல் கதை. தலைவனைப் பார்க்கத் தலைவி மழையில் மலைச்சரிவில் இறங்கி வருகிறாள். புல்லாங்குழலை முதலிலேயே பதிவு செய்துவிட்டோம். தலைவியின் முகத்தைச் செதுக்குவதில் மனைவிக்கு ஒரு மழைக்காலமே போயிருந்தது. காட்சியை ஓட்டிப் பார்த்தோம்.

"ஏனுங்க, இவ உங்களாட்டவே நடக்கறாளுங்க," என்றாள் மனைவி. "காதலனப் பாக்கப் போறவளாட்டத் தெரியல. பென்ஷன் ஆபீசுக்குப் போறவளாட்ட இருக்குது."

நடை சரியாகும்வரை படம் வெளியே போகாது என்றும் சொல்லிவிட்டாள். ஏற்கெனவே சில படங்கள் அவள் உத்தரவின்பேரில் பெட்டிக்குள் உறங்குகின்றன. இதுவும் அங்கே போனால் அவள் மறுபடி உளியைத் தொட மாட்டாள் என்பது எனக்குத் தெரிந்தது.

கண்ணாடி முன் இளம்பெண்ணாக நடந்து பார்த்தேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதுவதாக இல்லை.

பக்கத்து வீட்டுப் பெண் எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். தினமும் இறக்கத்தில் போய்வருபவர். கேட்டதும் நடந்து காட்டினார். ஆனால் செல்போனைக் கண்டதும் அவர் முதுகு விறைத்து, குடியரசு தின அணிவகுப்பாகிவிட்டது. எத்தனை முறை நடந்தும் அதே கதை.

அப்போது கீழே கூடலூர் பஸ் நின்று அவருடைய கணவர் இறங்கினார். வெளியூர் வேலைக்குப் போயிருந்தவர்; முந்தின நாளே வந்திருக்க வேண்டும். அந்தப் பெண் எங்களை மறந்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாய் நிறைய வசவோடு, ஒரு கால் பதியுமுன்னே மறுகாலை வைத்து இறங்கினார். கிட்டே போனதும் வேகம் தணிந்தது. கணவர் கையிலிருந்த பையைப் பிடுங்கிக்கொண்டார்.

என் மனைவியின் போன் இதையெல்லாம் படம்பிடித்துக்கொண்டிருந்தது.

அந்தப் பெண்ணிடம் அனுமதி கேட்டு, அந்த நடையை அப்படியே தலைவிக்குக் கொடுத்தோம். குழல் நிதானமாகப் போகிறது. இவள் அதை முந்திக்கொண்டு இறங்கி, கடைசியில் அது வந்துசேரும்வரை நிற்கிறாள்.

முதலில் அவர்கள் வீட்டில்தான் போட்டுக் காட்டினோம். அந்தப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். கணவர் திரையையே உற்றுப் பார்த்தார்.

"ஏனுங்க சார், இந்தப் புள்ள திட்டறதுக்கு வர்றவளாட்ட இருக்குதுங்களே?"

"பின்ன?" என்றார் அந்தப் பெண். "நேத்தே வர்றேன்னு சொல்லிப்போட்டு இன்னைக்கு வந்தா கொஞ்சுவாங்களா?"

கணவர் திரையில் மழையில் நனைந்தபடி நின்ற தலைவனை அனுதாபத்தோடு பார்த்தார்.

"பாவம், அவனுக்கு பஸ் கெடச்சிருக்காது," என்றார்.

என் மனைவி சிரித்து ஓய வெகுநேரமாயிற்று. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"படத்த வெளிய அனுப்பிடலாமுங்க."