ஸுல்பிகாவின் கடகம்

ஸுல்பிகா பாதி நேரம் இந்த உலகத்தில் இருக்கமாட்டாள். உலையில் அரிசியைப் போட்டுவிட்டு, குடாவில் நிற்கும் கப்பல்களைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். சோறு குழைந்து கஞ்சியாகும். "என்னடி, கப்பலோட போயிட்டியோ?" என்று வேலிக்கு மேலால் கத்துவேன். சிரிப்பாள். பக்கத்து வளவுக்காரி நான். அவளைத் திட்டாவிட்டால் எனக்குப் பொழுது போகாது.

அவள் கணவன் ஸெய்னுதீன் வாடகைக்குப் போகும் ஹயர் கார் ஓட்டினான். கார் முதலாளியுடையது. எழுபதுகளின் நடுவில், எத்தனையோ வருடம் ஏங்கி, அவளுக்கு ஒரு மகன் பிறந்தான். பிறகு கப்பலை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பார்த்தபடி நின்றாள். சோறு அப்போதும் குழைந்தது.

எங்கள் பக்கத்தில் எவ்வளவு கஷ்டப்பட்ட வீடானாலும், பிள்ளை பெற்றவளைப் பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரவும் கிளினிக்குக்குப் போகவும் ஹயர் கார்தான். இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து பிடிப்பார்கள். தாயும் பிள்ளையும் முன் சீற்றில் இருப்பார்கள். அதுதான் மரியாதை.

கிளினிக்கில் பிள்ளைகளைப் பார்க்கும் தாதி எல்சி மிஸ்ஸி. கைராசிக்காரி, நல்ல மனுசி. ஒருநாள் ஸுல்பிகாவோடு நானும் போயிருந்தேன். எங்களுக்கு முன்னால் ஒரு சுங்க அதிகாரியின் மனைவி நின்றார்.

"பிள்ளையை முன் சீற்றில மடியில வைச்சிருக்காதேங்கோ," என்றார் மிஸ்ஸி. "சடாரெண்டு பிரேக் பிடிச்சால் எந்தக் கையும் தாங்காது. கூடையில கிடத்தி, கூடையைப் பின் சீற்றோட இறுக்கிக் கட்டுங்கோ."

அடுத்தது ஸுல்பிகா. மிஸ்ஸி பிள்ளையின் நிறை பார்த்தார். "காதை மூடிக் கட்டுங்கோ, காத்துப் படும்," என்றார். அவ்வளவுதான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏனடி, உனக்கு ஒண்டும் சொல்லேல்லையே, கேளன்!" என்று அவளை இடித்தேன்.

"அது அவங்கட புள்ளைக்குச் சொன்னது, றோஸக்கா. பெரிய இடத்துப் புள்ள, மெல்லிசா இருக்கும்."

உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள், பாவி!

சில நாள் கழித்துக் குச்சவெளியில் இருந்த அவள் தாய்வீட்டுக்குப் போனோம். நான் பின் சீற்றில், அவள் முன்னால், மடியில் பிள்ளை. நிலாவெளி தாண்டியதும் உப்பளங்களில் வெயில் வெள்ளையாய்க் கிடந்தது. பனைகள் மெல்ல வந்து மெல்லப் போயின. கார் தொட்டில் போல ஆடியது. யாரும் கதைக்கவில்லை. கடல் ஒரு வளைவில் தெரியும், மறுவளைவில் மறையும். அந்தப் பயணம் நின்றுவிடாமல் நீளவேண்டும் போலிருந்தது. ஸுல்பிகாவின் கண்கள் எங்கேயோ போய்விட்டன. கைகளும் தளர்ந்துவிட்டன.

மாடு ஒன்று குறுக்கே பாய்ந்தது.

ஸெய்னுதீன் பிரேக்கை மிதித்தான். பிள்ளை மடியிலிருந்து எகிறி, முன் தட்டில் அடிபட்டு, அவள் காலடியில் விழுந்தது. சத்தமே இல்லை.

"அல்லாஹ்வே, என்ர புள்ள!" என்று ஸுல்பிகா அலறினாள்.

பிறகுதான் பிள்ளையின் அழுகை வந்தது. அந்த அழுகையைக் கேட்டு நான் மாதாவுக்கு நன்றி சொன்னேன். பிள்ளையின் நெற்றியில் எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. ஸெய்னுதீன் தெருவோரம் குந்திவிட்டான்.

திரும்பும்போது அவள் தாய்வீட்டில் நெல் வைத்திருந்த பெரிய பனையோலைக் கூடையை, அந்தக் கடகத்தை, கொட்டி வெறுமையாக்கினாள். பழைய சீலைகளை உள்ளே அடுக்கி, பிள்ளையைக் கிடத்தி, பின் சீற்றோடு கயிறு போட்டுக் கட்டுவித்தாள். கடகம் பின் சீற்றை நிறைத்ததில் இன்னொரு ஆளுக்கு இடம் இல்லாமல் போனது. அந்த ஆள் நான்தான். முணுமுணுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து சேர்ந்தேன்.

அடுத்த கிளினிக் நாளில் நேரே மிஸ்ஸியிடம் போனாள்.

"மிஸ்ஸி, அந்த அம்மாவுக்குச் சொன்னத எனக்கு ஏன் சொல்லல்ல?"

மிஸ்ஸி நிமிர்ந்து பார்த்தார். "உங்களிட்டக் கார் இல்லையெண்டு..."

"இவன்ர வாப்பா ஓட்டுறதே கார்தான்." பிள்ளையின் தலைத்துணியை விலக்கினாள். வீக்கம் வற்றி நீலமாய் இருந்தது. "என்ர புள்ளைக்கும் தலை ஒண்டுதான், மிஸ்ஸி."

அவள் கண்கள் எங்கேயும் போகவில்லை.

மிஸ்ஸி அந்த நீலத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு வாங்குப் பலகையில் வரிசையாய் இருந்த தாய்மாரிடம் திரும்பினார்.

"இண்டைக்கு ஆர் ஆர் காரில வந்தனீங்கள்? கையை உயர்த்துங்கோ."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிள்ளையைப் பிடிக்காத கைகள் ஒவ்வொன்றாய் மேலே போயின. கடைசியில் இருந்த அன்னலட்சுமி மட்டும் உயர்த்தவில்லை.

"நீங்கள் பஸ்ஸோ?" என்றார் மிஸ்ஸி.

"இல்லை, மிஸ்ஸி. நானும் கார்தான். ரெட்டைப் பிள்ளையள், கை ரெண்டிலயும் பிள்ளை, உயர்த்த ஏலாது."