குரல் எட்டாத கடற்கரை

மே மாதத்தில் ஏற்காட்டில் எங்களுக்கே இடம் இருக்காது. ஒண்டிக்கடை நிறுத்தத்தில் பஸ் ஏற முடியாது, ஏரிப் பக்கம் கால் வைக்க முடியாது, சந்தையில் நல்ல தக்காளி மிஞ்சாது. வெயிலுக்குப் பயந்து கீழே இருக்கிறவர்கள் எல்லாம் இங்கே வரும்போது நாம் ஏன் அவர்கள் வெயிலுக்குப் போகக் கூடாது என்று ஒரு வருடம் என் கணவர் கேட்டார். அவர் காப்பி எஸ்டேட்டில் ரைட்டர், கணக்கு எழுதுபவர். நான் மாரமங்கலம் பக்கம் பள்ளி ஆசிரியை. எங்களுக்கு ஒரே மகள், கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்துப் பிறந்தவள். அப்போது ஒன்பது வயது. கடலைப் பார்த்ததில்லை. நானும் ஒரே ஒருமுறை, பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததுதான்.

கணவருடன் படித்தவர் ஒருவருக்குத் தரங்கம்பாடியில் கடலோரமாக ஒரு பழைய வீடு இருந்தது. பூட்டித்தான் கிடக்கிறது, போய் இருங்கள் என்று சாவியைக் கொடுத்தார். சேலத்தில் மாறி, மாயவரத்தில் மாறி, இடுப்பு கழன்று போய்ச் சேர்ந்தோம். மொத்தம் நான்கு நாள்.

முதல் நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. அவ்வளவு நன்றாக இருந்தது. மலையில் துவைத்த துணி காய இரண்டு நாள் ஆகும். அங்கே கொடியில் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் மொறமொறவென்று காய்ந்திருந்தது. மத்தியானம் சுடுசோறும் வறுத்த நெத்திலியும் சாப்பிட்டுவிட்டு மூன்று பேரும் தரையில் படுத்துத் தூங்கினோம். பகலில் தூங்கி எத்தனை வருடமாயிற்று என்று யோசிக்கும்போதே கண் சொருகியது. சாயங்காலம் ஈர மணலில் செருப்பில்லாமல் நடந்தோம். நுங்கு விற்றவரிடம் வாங்கி அங்கேயே உட்கார்ந்து தின்றோம். மகள் கையெல்லாம் நுங்குத் தண்ணீர் வழிய, தினமும் இப்படியே இருக்கலாமா என்று கேட்டாள். இருக்கலாம் என்றேன்.

இரண்டாம் நாள் காலையில்தான் அது நடந்தது. அதற்கு முன் எங்கள் ஊரில் பிள்ளை வளர்க்கும் விதத்தைச் சொல்ல வேண்டும்.

காப்பிச் செடி ஆள் உயரம். மழைக்காலம் வந்துவிட்டால் மூடுபனியில் வாசல் வேலிகூடத் தெரியாது. பிள்ளையைக் கண்ணால் பார்த்து வளர்க்க முடியாது; காதால்தான் வளர்ப்போம். கதவருகில் நின்று பெயரை இழுத்துக் கூப்பிட்டால், எங்கே இருந்தாலும் பிள்ளை 'ஓ' என்று குரல் கொடுக்க வேண்டும். அந்த ஓ எந்தப் பக்கமிருந்து வருகிறது, தெம்பாக வருகிறதா, அது போதும். அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன். மூன்று முறை கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் மட்டுமே இறங்கித் தேடுவது. எங்கள் பக்கத்துத் தாய்மார்கள் எல்லோரும் அப்படித்தான்.

அன்று காலை கணவர் டீக்கடைக்குப் போயிருந்தார். நான் மணலில் உட்கார்ந்து வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். மகள் பக்கத்தில் கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தொடர்கதையிலிருந்து தலையைத் தூக்காமலே கூப்பிட்டேன். பதில் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். மூன்றாம் தடவை எழுந்து நின்று, தொண்டை கிழியக் கூப்பிட்டேன். அலைச் சத்தம்தான் கேட்டது.

திரும்பிப் பார்த்திருந்தால் போதும். வெட்டவெளி, நல்ல வெளிச்சம். ஆனால் கடற்கரையில் கண்ணால் தேடலாம் என்பதே எனக்கு நினைவுக்கு வரவில்லை. பதில் வரவில்லை, அப்படியானால் பிள்ளை தண்ணீரில். நேராகக் கடலுக்குள் ஓடினேன். இடுப்பளவு போனதும் ஓர் அலை தள்ளியது. புடவை காலில் சுற்றிக்கொண்டது. அடுத்த அலை என்னை உருட்டியது. எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. வாய் நிறைய உப்பும் மணலும். வலை பின்னிக்கொண்டிருந்த இரண்டு பேர் தோளைப் பிடித்து இழுத்து வந்து மணலில் போட்டார்கள்.

மகள் எனக்குப் பின்னால் நூறடி தூரத்தில், ஒரு கட்டுமரத்துக்குப் பக்கத்தில் நண்டு வளை தோண்டிக்கொண்டிருந்திருக்கிறாள். கூட்டத்தைப் பார்த்து ஓடி வந்தாள். என் முகத்தைப் பார்த்து அழுதுகொண்டே சொன்னாள்:

"நான் மூணு தடவையும் ஓ குடுத்தேம்மா."

மீன் கூடையோடு நின்ற ஒரு பெண், "பிள்ளையத் தேடுறேன்னு நீ உள்ள போயிட்டா, பிள்ளை யாரத் தேடும் தங்கச்சி?" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. இன்றைக்கும் முடியவில்லை.

மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வீட்டுக் கதவைத் தாழ் போட்டேன். அன்று முழுதும், மறுநாள் முழுதும் வெளியே விடவில்லை. ஜன்னல் வழியாகக் கடல் தெரிந்துகொண்டே இருந்தது. மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேட்கவில்லை, அடம் பிடிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அதே நெத்திலி, அதே நுங்கு, எதுவும் தொண்டையில் இறங்கவில்லை. கணவர் மட்டும் படுத்ததும் தூங்கினார். எழுந்ததும் என்னிடம் சொன்னார்:

"ஏம்புள்ள, ஜன்னல்ல நின்னு பாக்கறதுக்கு நம்மூட்லயே ஜன்னல் இருக்குதே."

"ஏனுங்க, ஏதாவது ஆகியிருந்தா?" என்று கத்தினேன்.

"ஆனது உனக்குத்தான். அவ என்ன பண்ணுனா?"

நான் பழக்கியபடியே அவள் குரல் கொடுத்திருந்தாள். தப்பு செய்தவள் வெளியே போய்வரலாம், தப்பு செய்யாதவள் உள்ளே. வகுப்பில் ஒரு பிள்ளைக்கு இப்படிச் செய்வேனா என்று நினைத்து என்மேலேயே கோபம் வந்தது. ஆனாலும் தாழைத் திறக்கக் கை வரவில்லை.

கடைசி நாள் மத்தியானம் பஸ். இன்றும் விடாவிட்டால் அவள் கடலில் இறங்காமலே மலைக்குப் போவாள். காலையில் மகளே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எல்லாம் யோசித்து வைத்திருந்தாள்.

"சத்தம் கேக்காதுல்லம்மா. அதனால ஒவ்வொரு அலைக்கும் திரும்பி உன்னயப் பாத்துக் கையத் தூக்கறேன். நீயும் தூக்கோணும். செரியா?"

சரி என்றேன். முழங்கால் அளவுக்குமேல் போகக் கூடாது என்று நூறு தடவை சொன்னேன். கணவர் அவள் பக்கத்தில் தண்ணீரில் நின்றார். நான் கரையில் நின்றேன்.

சொன்ன சொல்லை அவள் காப்பாற்றினாள். அலை வரும்போதெல்லாம் திரும்பி, என்னைத் தேடி, கையைத் தூக்கினாள். நானும் தூக்கினேன். அந்த நேரம் பார்த்து அலை பின்னாலிருந்து வந்து அவளைக் குப்புறத் தள்ளியது. எழுந்தாள், இருமினாள், மறுபடியும் கை தூக்கினாள். மறுபடியும் விழுந்தாள். பக்கத்தில் மற்றப் பிள்ளைகள் அலையை எதிரில் பார்த்து நின்று, சரியான நேரத்தில் குதித்து, ஒன்றும் ஆகாமல் விளையாடிக்கொண்டிருந்தார்கள். விழுந்தது என் பிள்ளை மட்டும்தான். எனக்காகக் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றதால் விழுந்தாள்.

கரையிலிருந்து கத்தினால் அவளுக்குக் கேட்காது. புடவையை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு தண்ணீருக்குள் போனேன். அவள் தோளைப் பிடித்துக் கடல் பக்கம் திருப்பினேன்.

"என்னயப் பாக்காத கண்ணு. கடலப் பாரு."

"நீ பயப்படுவியேம்மா?"

"பயப்படுவேன். நீ கடலப் பாரு."

மறுபடி கரைக்கு வந்து நின்றேன். அவள் ஓர் அலைக்குக் குதித்தாள், அடுத்ததற்கும் குதித்தாள். விழவில்லை. ஒருமுறைகூடத் திரும்பவுமில்லை. ஒரு மணி நேரம் எனக்கு அவள் முதுகும் நனைந்த சடையும்தான் தெரிந்தன.

கிளம்பும் நேரமானதும் கணவர் முதலில் கரையேறி வந்தார். பிள்ளை சிரித்தாளா என்று அவரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.