ஒன்றே கால் மணி நேரம்

சென்னையிலிருந்து ஹைதராபாத்துக்கு விமானத்தில் ஒன்றே கால் மணி நேரம். வடசென்னையில் நாங்கள் இருக்கிற எர்ணாவூரிலிருந்து மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு எவ்வளவு நேரம் என்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. முப்பது சொச்சம் கிலோமீட்டர்தான். நடுவில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும்.

மெட்ரோ ரயில் எங்கள் பக்கம் எட்டிப்பார்க்காத வருஷம் அது. ஹைதராபாத்தில் என் அக்கா விடியற்காலையில் இறந்துவிட்டாள் என்று மச்சான் போன் செய்தார். மய்யித்தை நெடுநேரம் வைத்திருப்பது எங்களில் வழக்கமில்லை. மதியம் லுஹர் தொழுகை முடிந்ததும் அடக்கம். நான் வருவது உறுதி என்றால் மாலை அஸர் வரை வைத்திருப்பதாகச் சொன்னார். மகள் பன்னிரண்டு மணி விமானத்துக்கு டிக்கெட் போட்டாள். அதை மச்சானுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. மூன்று மணிக்குள் அக்கா முகத்தைப் பார்த்துவிடலாம் என்று ஆறு மணிக்கே காரில் ஏறிவிட்டேன். மின்சார ரயிலில் போயிருக்கலாமே என்று இப்போது ஆளாளுக்குக் கேட்கிறார்கள். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

ஆறேகாலுக்கு நின்ற கார் ஒன்பது மணியாகியும் அங்கேயேதான் நின்றது. இரண்டு பக்கமும் கன்டெய்னர். கதவை ஒரு சாண் திறந்தால் லாரி டயரில் இடித்தது. இறங்கி ஓடவும் வழியில்லை. கண்ணாடியை இறக்கினால் புகை, ஏற்றினால் புழுக்கம். முன்னால் ஒரு லாரிக்காரர் சாவகாசமாகச் சோறு வடித்துக்கொண்டிருந்தார். அக்கா அங்கே கிடக்கிறாள், நான் இந்த டப்பாவுக்குள் கிடக்கிறேன்.

அப்போது மச்சான் மறுபடி கூப்பிட்டு, எங்கே இருக்கிறேன் என்று கேட்டார்.

"வந்துகினே கீறேன் மச்சான்" என்றேன்.

சரி என்று வைத்துவிட்டார்.

ஒன்பதரைக்கு வரிசை அசைந்தது. ஓடிய ஓட்டத்தில் யாருக்கும் போன் செய்யவில்லை. கடைசி ஆளாக விமானத்தில் ஏறினேன். சொன்ன நேரத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். இறங்கியதும் மச்சானைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனபோது மணி மூன்றுகூட ஆகவில்லை. வாசலில் நாற்காலிகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். லுஹர் முடிந்ததுமே அடக்கம் செய்துவிட்டார்கள்.

மச்சானின் சட்டையைப் பிடிக்காத குறைதான். வருகிறேன் என்றுதானே சொன்னேன், ஏன் வைத்திருக்கவில்லை என்று கத்தினேன். அவர் எங்கள் பக்கம் தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர், பிழைப்புக்காக அந்த ஊருக்குப் போனவர். அழுது சிவந்த கண்ணோடு என்னைப் பார்த்தார்.

"நம்ம ஏரியால வந்துகினே கீறேன்னா, இன்னும் வூட்ட வுட்டே கெளம்பலன்னுதான மச்சான் அர்த்தம்? நான் வேற இன்னான்னு நெனைக்கிறது?"

கட்டிய லுங்கியைக்கூட மாற்றாமல் எத்தனை பேரிடம் அதைச் சொல்லியிருக்கிறேன். போன பெருநாளைக்கு அக்கா கூப்பிட்டபோதும் அதையேதான் சொன்னேன். அவள் மட்டும் அதை நம்பி, சாயங்காலம் வரை சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாளாம்.