கடலில் நின்று பார்த்த ஊர்

பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கம் அது. பதினான்கு தாள்களை மாப்பசையால் ஒட்டி நீட்டி, ஒரு கடற்கரை ஊர் முழுவதையும் ஆர்ட்டிஸ்ட் மிஸ் அதில் வரைந்திருந்தார். கொழும்பு வெள்ளவத்தையில் இடம்பெயர்ந்த சனம் தங்கியிருந்த ஒரு லொட்ஜின் சாப்பாட்டு மேசைகளை ஒன்றாக இழுத்துப் போட்டால்தான் அதை முழுதாக விரிக்கலாம். அந்த ஊரை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இப்போது நினைத்தாலும் எனக்குப் புல்லரிக்கிறது.

மிஸ் கொட்டாஞ்சேனைக்காரி. ஹோட்டல்களின் விளம்பரத் தாள்களுக்குப் படம் போடுவது அவர் தொழில். சண்டையால் வெள்ளைக்காரர் வரத்து நின்றுபோக, அந்தத் தொழிலும் படுத்துவிட்டது. நான் அவர் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு நில அளவையாளரிடம் படம் வரைபவனாக இருந்தேன். வயதில் நான் மூத்தவன், ஆகவே அவருக்கு அண்ணை. கெட்டித்தனத்தில் யார் மூத்தவர் என்பது போகப் போகத் தெரிந்தது.

லொட்ஜில் இருந்தவர்கள் கிழக்குக் கரையின் ஒரு சின்ன ஊர்ச்சனம். உல்லாசப் பயணிகளுக்கு அறை வாடகைக்கு விட்டும் மீன் பொரித்துக் கொடுத்தும் பிழைத்தவர்கள். ஷெல்லுக்குப் பயந்து ஓடிவந்தபோது காணி உறுதிப் பத்திரங்கள் வீடுகளோடு எரிந்துபோயின. சமாதானப் பேச்சு வரப்போகிறது என்ற கதை அடிபட்ட நேரம், அந்தக் கரையைப் பெரிய ஹோட்டல்களுக்குப் பிரித்துக் கொடுக்க ஓர் அரசாங்கக் கந்தோர் பட்டியல் போட்டது. அதில் அவர்களுடைய ஊர் ‘வெறும் நிலம்’ என்று இருந்தது. ஆட்சேபம் உள்ளவர்கள் வெள்ளிக்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்குள் ஆதாரத்தோடு வரவேண்டும். இந்தச் சனத்திடம் ஆதாரம் என்று இருந்தது வாய் மட்டும்தான். காணிப் படம் தெரிந்தவன் என்று என்னைத் தேடி வந்தார்கள், நான் மிஸ்ஸையும் கூட்டிக்கொண்டு லொட்ஜுக்குப் போனேன்.

“வாயால சொல்லுங்கோ, நான் கீறுறன்” என்றார் மிஸ்.

அப்போது கொழும்பில் ஒரு தமிழரின் கையில் கரையோர வரைபடம் அகப்பட்டால் கதை கந்தல். அதனால் மேலிருந்து பார்ப்பதுபோல் வரைய அவர் ஒப்பவில்லை. “கடலுக்க இடுப்பளவு தண்ணியில நிண்டு திரும்பிப் பாருங்கோ. இடப்பக்கம் முதல்ல என்ன தெரியுது?” என்றுதான் தொடங்கினார். பென்சிலால் ஒரு வீடு வரைவார். இரண்டு பக்கத்து வீட்டாரும் தலையாட்டினால்தான் அதற்கு மை. ஒருவர் தன் வீட்டுக்கு மேல்மாடி கேட்டார். “மேல்மாடியோ? கூரையில நீ கருவாடெல்லோ காயப்போட்டனி!” என்று அயலவர் பாய, மேல்மாடி அழிரப்பருக்குப் போனது. ஒல்லாந்தர் காலத்து மடத்துக்கு எத்தனை தூண் என்று யாருக்கும் நினைவில்லை. ஒரு கிழவர் எழுந்து கண்ணை மூடிக்கொண்டு, காற்றில் தூண்களைத் தொட்டுத் தொட்டுச் சாப்பாட்டு அறை நீளத்துக்கும் நடந்தார். ஏழு என்றார். ஒருவரும் மறுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை நான் ஆடிய கூத்தைச் சொல்லத்தான் வேண்டும். தாளின் ஒரு மூலையில் வடக்கைக் காட்டும் அம்புக்குறியும் அளவுகோலும் மிஸ்ஸுக்குச் சொல்லாமல் போட்டுவிட்டேன். அம்புக்குறி இல்லாத தாளைக் கந்தோருக்குக் கொண்டுபோவது எனக்கு வேட்டியில்லாமல் போவது மாதிரி. சனத்தை முன்னே அனுப்பிவிட்டு நானும் மிஸ்ஸும் சுருளோடு போனபோது, காலி வீதிச் சோதனைச்சாவடியில் அதை விரித்த பொலிஸ்காரன் நேரே அந்த மூலையில்தான் விரலை வைத்தான். “மேக்க மெப் எக்கக்நே” என்றான். இது மெப், வரைபடம்தானே என்று அர்த்தம். எங்கள் இருவரையும் பொலிசுக்குக் கொண்டுபோனார்கள். அப்போது பத்தரை மணி.

எதைப் பார்த்து வரைந்தாய் என்று இன்ஸ்பெக்டர் மிஸ்ஸைக் கேட்டார். எதையும் பார்க்கவில்லை, சனம் சொன்னது தலையில் இருக்கிறது என்றார் மிஸ் சிங்களத்தில். அப்படியானால் இங்கேயே இன்னொன்று வரை என்று வெள்ளைத்தாள்களைத் தள்ளிவிட்டு, எங்களுடைய சுருளைத் தன் பக்கம் விரித்துக்கொண்டார். மிஸ் இடப்பக்கமிருந்து தொடங்கினார். இது அம்மன் கோயில், இது இரண்டு மகள்மாரையும் ஒரே பந்தலில் கட்டிக்கொடுத்தவரின் வீடு, இந்தக் கிணறு மாரியில் மட்டும் நல்ல தண்ணீர் என்று சொல்லிக்கொண்டே வரைந்தார். பிழை பிடிக்க வந்த இன்ஸ்பெக்டரின் விரல், வீடு வீடாக அவரோடு கூடவே நகர்ந்தது. மடத்தின் தூண்கள் வந்தபோது நான் மனதுக்குள் எண்ணினேன். ஏழும் சரி. மனிதத் தலைக்குள் ஓர் ஊர் இப்படிக் குடியிருக்குமா! என் பயம் போன இடம் தெரியவில்லை. அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

இன்ஸ்பெக்டர் கத்தரிக்கோல் கேட்டு வாங்கினார். என்னுடைய அம்புக்குறி மூலையை மட்டும் வெட்டித் தன் கோப்பில் போட்டார். இதுதான் மெப், மற்றது ஊர் என்று சொல்லி மிச்சத்தைச் சுருட்டிக் கொடுத்தார். இரண்டு மணிக்குக் கால்மணி இருக்கக் கந்தோருக்குள் ஓடினோம். சனம் வாசலில் அழுதுகொண்டு நின்றது. அதிகாரி உறுதி எங்கே என்று இரண்டு மூன்று தரம் கேட்டார். பிறகு தாளில் ஒவ்வொரு வீட்டையும் அதற்குரியவர் வந்து தொட்டுக் காட்டக் காட்டப் பெயர் எழுதினார். அடுத்த மாதம் வந்த பட்டியலில் அந்த ஊர் இல்லை.

சண்டை முடிவதற்கு முன்பே மிஸ் காலமாகிவிட்டார். ஊர்ச்சனம் திரும்பிப் போனபோது அங்கே மண்ணும் உடைந்த கிணறுகளும்தான் இருந்தனவாம். தாளைப் பார்த்துத்தான் எல்லாவற்றையும் மறுபடி கட்டினார்கள். போன வருடம் நான் அங்கே போனேன். மிஸ் வரைந்த வரிசையிலேயே வீடுகள் நின்றன, வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஈரக்காலோடு படியேறிக்கொண்டிருந்தார்கள். நான் தங்கிய வீட்டுக்காரி அந்த நாளில் லொட்ஜில் இருந்தவர். கடலைப் பார்த்த அவருடைய வாசலில் எனக்குத் தேத்தண்ணி தந்தார். இந்த வாசலில் இருந்தால் எழும்ப மனம் வராது என்றேன். அவர் சிரித்தார்.

“உண்மையச் சொன்னா அண்ணே, அந்தக் காலம் எங்கட வீட்டுக்குக் கடல்பக்கம் வாசலே இல்ல. காத்துக்குப் பயந்து முதுகக் காட்டித்தான் கட்டியிருந்தம். மிஸ் வாசல் வெச்சுக் கீறிட்டா. வடிவா இருந்திச்சு, பிழையெண்டு சொல்ல ஒருத்தருக்கும் மனம் வரல்ல. திரும்பக் கட்டக்குள்ள மேசன் கேட்டான், வாசல் எங்க வைக்கிற எண்டு. அவ வெச்ச இடத்திலயே வையெண்டன்.”