கல்வீட்டுப் பின்வாசல்

கனடாவில் ஒஷாவாப் பக்கம் போகும்போதெல்லாம் அந்தக் கல்வீட்டுக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிடுவேன். அது கோயிலுமில்லை, உறவுக்காரர் வீடுமில்லை. என் மகளின் பதிவுத் திருமணம் நடந்த இடம், அவ்வளவுதான்.

சீமெந்துக் கல்லால் கட்டியதையே கல்வீடு என்று சொல்லிப் பெருமைப்படுகிற ஆட்கள் நாங்கள். இது மெய்யான கல். இங்கே பணம் சேர்த்த யாரோ ஒருவர், இங்கிலாந்து நாட்டுப்புறத்தில் பிரபுக்கள் இருந்த வீடுகளைப் போலத் தனக்கும் ஒன்று வேண்டுமென்று ஆசைப்பட்டுக் கட்டினாராம். கூரை செங்குத்தாக ஏறி முக்கோணமாய் முடியும். நீண்ட யன்னல்களை நடுவில் மெல்லிய கல்தூண்கள் பிரிக்கும். முன்வாசலுக்கு அகன்ற கற்படிகள், மேலே போகப்போக ஒடுங்கும். மகள் அந்தப் படிகளைப் பார்த்துத்தான் இடத்தைப் பிடித்தாள். படம் நல்லாய் வருமாம்.

என் கவலை படமல்ல. முந்தின வருடம் ஸ்ட்ரோக் வந்து என் கணவருக்கு வலப்பக்கம் இழுத்துவிட்டது. பேச்சும் குழறும். அப்பாதான் தன்னைக் கூட்டிக்கொண்டு உள்ளே வரவேண்டும் என்று மகள் ஒற்றைக் காலில் நின்றாள். சக்கர நாற்காலி உள்ளே போகுமா என்று போனில் கேட்டேன். போகும் என்றார்கள். எந்த வாசலால் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அன்று வாகனத்தை விட்டு இறங்கி அந்தப் படிகளை நேரே பார்த்ததும்தான் என் பிழை விளங்கியது. என் தம்பி கோட்டைக் கழற்றினான்.

"அத்தான், யோசியாதேங்கோ. நாலு பேர் பிடிச்சால் கதிரையோட தூக்கிக்கொண்டு ஏறலாம்."

இவருக்கு முகம் கறுத்துவிட்டது. குழறியபடியே, ஒவ்வொரு சொல்லாய்ச் சொன்னார்.

"நாலு பேர் தூக்கிற நாள் ஒண்டு வரும். அது என்ர பிள்ளையின்ர கலியாண நாள் இல்லை. நான் வாகனத்துக்குள்ள இருக்கிறன். நீங்கள் போய் அலுவலைப் பாருங்கோ."

தம்பி கோட்டைத் திரும்ப மாட்டினான். மகளின் கண்மை கரையத் தொடங்கியது.

அப்போது அந்த வீட்டுக்குப் பொறுப்பான வெள்ளைக்காரப் பெண் ஓடி வந்து, பின்பக்கம் சமையலறைக்குப் போகிற குசினி வாசல் இருக்கிறது, அங்கே படியே இல்லை என்றாள். அந்தக் காலத்தில் நிலக்கரியும் மரக்கறியும் வண்டியில் உருட்டிக்கொண்டு போன வழியாம். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"கலியாணப் பொம்பிளையின்ர தேப்பன் குசினிக்காலயோ போறது?" என்று தமிழில் கத்தினேன். சொன்னது விளங்காவிட்டாலும் என் முகம் அவளுக்கு விளங்கியிருக்கும்.

"நான் குசினிக்கால போறன்," என்றார் இவர். "நீர் சும்மா இரும்."

மகள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நாற்காலியைப் பிடித்தாள். "அம்மா, நீங்கள் ஹோலுக்குப் போங்கோ. அப்பாவோட நான் வாறன்."

சபை கூடியிருந்த ஹோலின் சுவர் முழுவதும் ஓக் மரப் பலகை. சனம் எல்லாம் பெரிய வாசலைத் திரும்பிப் பார்த்தபடி இருந்தது. படக்காரர் கமெராவோடு முன்படியில் நின்றார். வழி மாறியதை அவருக்குச் சொல்ல எல்லோரும் மறந்துபோனோம். எந்த மூலையால், எந்தக் கழிவறைப் பக்கத்தால் இவரைக் கொண்டுவரப் போகிறார்களோ என்று எனக்கு அவமானமாக இருந்தது.

அப்போது, குளிருக்கு நெருப்பு மூட்டும் கணப்புக்குப் பக்கத்தில், சுவர் திறந்தது. சுவரேதான். பலகையோடு பலகையாய்ப் பொருந்தி, பிடிகூட இல்லாமல் ஒரு கதவு அங்கே இருந்திருக்கிறது. வேலைக்காரர் குசினியிலிருந்து சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, விருந்தினர் கண்ணில் படாமல் மறைவதற்காகச் செய்ததாம். அதற்குள்ளிருந்து பட்டு வேட்டியும் சால்வையுமாய் இவர் வந்தார், பின்னால் மகள்.

சனம் ஆவென்று எழுந்து நின்றது. சின்னப்பிள்ளைகள் கைதட்டினார்கள். முன்படியால் வந்திருந்தால் இவரைப் பாவம் பார்த்திருப்பார்கள். இப்போது வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். மனிதரை மறைக்கச் செய்த கதவு என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். ஆனாலும் அதைச் செய்த தச்சன் எவனாக இருந்தாலும் அவன் நன்றாக இருக்கவேண்டும்.

மாப்பிள்ளைக்கு முன்னால் நாற்காலி நின்றது. இவர் இடக்கையால் மகளின் கையைத் தேடிப் பிடித்து அவர் கையில் வைத்தார். பிறகு சபைக்கே கேட்கச் சொன்னார்.

"பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்திட்டன்."

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தவள் அவள்.

"ஓம் அப்பா," என்றாள்.